உள்ளங்காலைப் பார்த்து எத்தனை நாளாச்சு?

ஆறாத புண், மாறும் கரும்புள்ளி... தோல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

‘பயிரைப் பத்தித்தான் கேட்கணுமா, வீட்டு ஆளுங்களைப் பத்தியும் கேட்கலாமா?’ என்று தொடங்கியிருந்தது, வண்டலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த அந்தக் கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் தருகிறோம்.

‘எங்க அம்மாவுக்கு 61 வயசு. நாப்பது வருஷமா நடவு, களையெடுப்புன்னு சேத்துலயே நின்னவங்க. போன கார்த்திகையில வலது குதிகால் ஓரத்துல கறுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சுது. சீமைக் கருவேல முள்ளு உள்ளேயே முறிஞ்சிருக்கும்னு ஊசியால கிளறிப் பார்த்தோம். முள்ளு எதுவும் இல்ல. கால் ஆணின்னு நினைச்சு பிளாஸ்திரி ஒட்டினோம், எருக்கம்பால் வெச்சோம். பக்கத்துல ஒரு கிளினிக்குல களிம்பு கொடுத்தாங்க. இப்போ புள்ளி எட்டணா காசு அளவுக்குப் பெருசாயிடுச்சு. ஒரு ஓரத்துல தண்ணியா கசியுது. வலியே இல்லன்னு சொல்லி அம்மா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறாங்க. என்ன செய்யலாம்?’

கடிதம் கிடைத்த அன்றே அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். ‘அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்றோம். அம்மாவிடமும் பேசினோம். ‘வலிச்சா நானே போயிருப்பேனே சார். வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?’ என்றார் அவர்.

நம் ஊர்களில் தோல் புற்றுநோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இந்த ஒரு வாக்கியமே முக்கியக் காரணம். தோல் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்கத் தொடங்கும்போது ஆழமாக இறங்கியிருக்கும். நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை என்பதால், அந்தக் கேள்விக்கான பதிலையே இந்த இதழின் கட்டுரையாகத் தருகிறோம்.

கறுத்த தோலுக்கு வருமா?

‘தோல் புற்றுநோயெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்ற வியாதி’ என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. நம் தோலுக்குக் கறுப்பு நிறத்தைத் தருவது மெலனின் என்ற நிறமி. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை இது பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால் ஆஸ்திரேலியா, ஐரோப்பா போன்ற இடங்களோடு ஒப்பிட்டால் இந்தியாவில் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. மச்சம் போலத் தோன்றும் மெலனோமா என்ற கொடிய வகை, நம் நாட்டில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது.

மீதிப் பாதியைத்தான் கவனிக்க வேண்டும். மெலனின் தடுப்பது வெயிலால் வரும் புற்றுநோயை. நம்மவர்களுக்கு வருவதோ, பல நேரங்களில் வெயிலே படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், குதிகால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. உள்ளங்காலில் எடை தாங்கும் இடங்களில் இது அதிகம் காணப்படுவதால், தொடர்ந்த அழுத்தமும் உராய்வும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உலகப் புகழ்பெற்ற ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இதுதான். கால் கட்டைவிரல் நகத்தடியில் இருந்த புண்ணைக் கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்று நினைத்தார்கள். 1977-ல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. நோய் உடல் முழுக்கப் பரவி 1981-ல், 36 வயதில் இறந்தார். அவருக்குப் பந்து பட்ட அடி, நமக்குக் கருவேல முள். ஏதோ ஒரு காரணம் கையோடு கிடைத்துவிடுவதால்தான் சந்தேகமே வராமல் போகிறது.

மூன்று வகைகள்

தோல் புற்றுநோயில் முக்கியமாக மூன்று வகைகள். மூன்றும் மூன்று விதமாகத் தோன்றும்.

முதலாவது, ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். நம் நாட்டில் அதிகம் காணப்படும் வகைகளில் ஒன்று. சொரசொரப்பான தடிப்பாகவோ, பொருக்குத் தட்டிய புண்ணாகவோ தொடங்கும். பொருக்கு விழும், மறுபடி வரும். நாளாக ஆகப் புண்ணின் விளிம்பு மேடாகத் தடித்து, சில நேரம் காலிஃபிளவர் போல முளைத்து நிற்கும். தொட்டால் ரத்தம் வரும். கீழ் உதடு, காது மடல், புறங்கை, கால் ஆகியவை இது வரும் இடங்கள். கவனிக்காமல் விட்டால் அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும்.

இரண்டாவது, பேசல் செல் புற்றுநோய். மூக்கு, கண் ஓரம், கன்னம் என்று முகத்தில்தான் பெரும்பாலும் வரும். முத்து போலப் பளபளக்கும் சின்னப் பருவாகத் தொடங்கும். நம் தோலில் அது கறுப்பாகவே தெரிவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். நடுவில் குழி விழுந்து புண்ணாகும். உடலில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்திலேயே எலி கறம்புவது போல மூக்கையும் இமையையும் மெல்ல அரித்துவிடும். சிறியதாக இருக்கும்போது எடுத்துவிட்டால் தொல்லை முடிந்தது.

மூன்றாவது, மெலனோமா. மூன்றிலும் குறைவாக வருவதும் மிகக் கொடியதும் இதுதான். கறுப்பு அல்லது கருநீலப் புள்ளியாகத் தொடங்கி அகலமாகும், பின்னர் ஆழமாகும். சிலருக்குக் கறுப்பு நிறமே இல்லாமல் செந்நிறச் சதை வளர்ச்சி போலவும் தோன்றும். ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து நுரையீரல், கல்லீரல், மூளை வரை போகக்கூடியது.

பழைய தழும்பும் இறுகிய நாடாவும்

விவசாயக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம், பழைய தீக்காயத் தழும்பு. சின்ன வயதில் அடுப்பிலோ, வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலோ சுட்டுக்கொண்டு, சரியாக ஆறாமல் இறுகிப்போன தழும்பில் பல ஆண்டுகள் கழித்துப் புண் வரலாம். சராசரியாக முப்பது ஆண்டு இடைவெளியில் இப்படி வரும் புண்ணுக்கு, 1828-ல் இதைப்பற்றி எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் ‘மார்ஜோலின் புண்’ என்று பெயர். பெரும்பாலும் அது ஸ்குவாமஸ் செல் புற்றுநோயாக இருக்கும். ஆறிப்போன தழும்பு மறுபடி வெடித்துப் புண்ணானால், ‘பழைய காயம்தானே’ என்று விடக்கூடாது.

காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் ‘காங்கிரி’ என்ற நெருப்புச் சட்டியை வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு ஆண்டுக்கணக்கில் பட்டு, வயிற்றிலும் தொடையிலும் புற்றுநோய் வருவதை 19-ம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் தோல் தேய்ந்து வரும் புற்றுநோயை, மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியல் நிபுணர் டாக்டர் வி.ஆர்.கானோல்கர் 1945-ல் எழுதினார். 2024-ல், உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியதால் இடுப்பில் புற்றுநோய் வந்த இரண்டு மூதாட்டிகளைப் பற்றி மகாராஷ்டிரா, பீகார் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவருக்குமே ஒன்றரை, இரண்டு ஆண்டுகளாக ஆறாத புண் இருந்திருக்கிறது.

இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. இடுப்பில் கறுத்துத் தடித்த கோடு பல பெண்களுக்கு இருக்கும். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள். மெல்லிய கயிற்றுக்குப் பதில் அகலப் பட்டை தைத்துக்கொள்ளுங்கள். கட்டும் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள். அந்த இடத்தில் புண் வந்து ஆறாமல் இருந்தால் மட்டும், கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவர்களைத் தவிர, பிறவியிலேயே நிறமி இல்லாமல் உடல் முழுக்க வெளுத்திருப்பவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், காலில் ஆண்டுக்கணக்கில் புண் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒருமுறை தோல் புற்றுநோய் வந்தவர்கள் ஆகியோர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். நெருங்கிய உறவுத் திருமணம் செய்த குடும்பங்களில் அரிதாக, வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும் பரம்பரைக் கோளாறோடு குழந்தை பிறப்பதுண்டு. அந்தக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும் என்பதால் உடனே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு இதழ் கணக்கு

எதைக் காட்டுவது, எதை விடுவது? நம் வாசகர்களுக்காக ஓர் எளிய கணக்கு. ஒரு புண் வந்த பிறகு நம் இதழ் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டது, அதாவது ஒரு மாதம் ஆகிவிட்டது, புண் இன்னும் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். முள் குத்தியது, அரிவாள் பட்டது, செருப்பு கடித்தது எல்லாம் சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். ஆறாத புண்ணுக்கு ஒரு காரணம் இருக்கும்.

காலில் ஆறாத புண் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. நம் ஊரில் அது பெரும்பாலும் சர்க்கரை நோயாலும் ரத்தக் குழாய்க் கோளாறாலும் வருவது. தொழுநோயால் உணர்ச்சி மரத்துப்போன காலிலும் வரும். எதுவாக இருந்தாலும் ஒரு மாதம் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கரும்புள்ளி, மச்சத்தைப் பொறுத்தவரை ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

* நடுவில் கோடு போட்டால் இரு பாதியும் ஒன்று போல இல்லாமல் இருப்பது.
* ஓரம் வட்டமாக இல்லாமல், தண்ணீரில் மை சிந்தியது போல ஒழுங்கற்றுப் பரவியிருப்பது.
* ஒரே புள்ளிக்குள் கறுப்பு, பழுப்பு, சாம்பல், சிவப்பு என்று பல நிறங்கள் கலந்திருப்பது.
* பென்சிலின் பின்பக்க அகலத்தைவிட, அதாவது 6 மில்லிமீட்டரைவிடப் பெரிதாக இருப்பது.
* எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாற்றம். சில மாதங்களில் பெரிதாவது, மேடாவது, அரிப்பது, கசிவது.

உள்ளங்காலிலும் நகத்திலும் இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. முள் குத்தியதாகவோ அடிபட்டதாகவோ உறுதியாக நினைவில்லாத கறுப்பு எதுவும் சந்தேகத்துக்குரியது. நகத்தடியில் அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால், நகம் வளர வளர அந்தக் கறுப்பும் முன்னால் நகர்ந்துவிடும். நகராமல் அங்கேயே நின்று அகலமாகும் கறுப்புக் கோடு, அதிலும் நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு ஏறினால், தாமதிக்கக்கூடாது. கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல விரல் நகங்களில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே இருக்கும். அதற்குக் கவலை வேண்டாம்.

எப்போது பார்ப்பது? மாதத்தில் ஒருநாள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பாருங்கள். சேறும் பித்தவெடிப்பும் இருக்கும் காலில் எதுவும் தெரியாது. காலை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு, நகங்கள், உள்ளங்கை, இடுப்பு, கீழ் உதடு, காதுக்குப் பின்புறம், உச்சந்தலை, முதுகு எல்லாவற்றையும் பாருங்கள். முதுகையும் பாதத்தையும் வீட்டில் இன்னொருவர் பார்ப்பது நல்லது. வயதானவர்கள் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். சந்தேகமான புள்ளி இருந்தால், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே போல எடுத்து ஒப்பிட்டால் வளர்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால், ஏற்கெனவே வளர்ந்துவிட்டதையும் கசிவதையும் படம் எடுத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார். பிறகு ‘டெர்மாஸ்கோப்’ என்ற விளக்கு பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பார். வலி கிடையாது. உள்ளங்காலின் ரேகைகளைப் பெரிதாக்கிப் பார்த்தால் நம் வயல் மாதிரியே இருக்கும். மேடும் பள்ளமுமாக, வரிசை வரிசையாக. சாதாரண மச்சத்தில் கறுப்பு நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் படிந்திருக்கும். மெலனோமாவில் மேட்டில் ஏறி நிற்கும். ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்துச் சொன்ன இந்த வித்தியாசம், உள்ளங்காலில் உள்ள புள்ளி எப்படிப்பட்டது என்று பிரித்தறிய இன்று பெரிதும் உதவுகிறது.

சந்தேகம் இருந்தால் அடுத்து ‘பயாப்சி’. அதாவது, சதையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, நெல்மணி அளவுக்குச் சதையை எடுப்பார்கள். கால் மணி நேர வேலை. ஓரிரு தையல் போடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது வரப்போரத்தில் எடுக்கக்கூடாது என்போம். இங்கே அது தலைகீழ். புண்ணின் நடுவில் அழுகிய சதைதான் இருக்கும் என்பதால், தடித்த ஓரத்திலிருந்து எடுப்பார்கள். மெலனோமா என்று சந்தேகித்தால், புள்ளி சிறியதாக இருக்கும்பட்சத்தில் முழுவதையுமே எடுத்து அனுப்புவார்கள்.

‘கத்தி வெச்சா பரவிடும்’ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. பயாப்சி எடுப்பதால் தோல் புற்றுநோய் பரவுவதில்லை. கத்தி வைத்த பிறகு பரவியதாகச் சொல்லப்படும் பலருக்கு, கத்தி வைக்கும் முன்பே பரவியிருந்தது என்பதே உண்மை. இன்னொன்று, தோல் புற்றுநோயை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ உறுதி செய்ய முடியாது. சதையைச் சோதித்தால்தான் தெரியும். ஸ்கேன் எல்லாம், நோய் உறுதியான பிறகு எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்ப்பதற்கு.

மருத்துவரிடம் நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ‘ஒரு மாதமாக ஆறவில்லை, சதை எடுத்துப் பார்க்கலாமா?’ என்பது ஒன்று. ஏதாவது மரு, கட்டி, மச்சத்தை வெட்டி எடுத்தால், ‘எடுத்ததை லேபுக்கு அனுப்புகிறீர்களா?’ என்பது இன்னொன்று. எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டால், அது என்ன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

கோரையும் கிழங்கும்

முளைத்த கோரையை முதல் வாரத்தில் பிடுங்குவதற்கும், கிழங்கு இறங்கிய பிறகு பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். மெலனோமாவும் அப்படித்தான். அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் கணக்கிடும் முறையை அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் எழுதினார். இன்றும் உலகம் முழுக்க அந்த அளவைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு வெட்டி எடுத்தாலே பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் பரவியிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு நெல்மணியின் நீளத்துக்குள் அடங்கும் இந்தக் கணக்கில்தான், சின்ன அறுவை சிகிச்சையா, விரலையோ காலையோ இழப்பதா, உயிரையே இழப்பதா என்பது முடிவாகிறது.

மற்ற இரண்டு வகைகளும் தொடக்கத்தில் எடுத்துவிட்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும். அறுவை சிகிச்சை செய்ய முடியாத இடங்களில் கதிர்வீச்சு சிகிச்சையும் இருக்கிறது.

எங்கே போவது?

வெளியூர்க்காரர்களுக்கு வண்டலூர் என்றால் 1985-ல் திறந்த உயிரியல் பூங்கா. இப்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் சேர்ந்துகொண்டது. மனைகளுக்கு நடுவே இன்னமும் நெல்லும் கீரையும் போடும் குடும்பங்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவ வசதி தூரமில்லை.

முதலில் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, எழுதி வாங்கிக்கொள்ளலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவும் அறுவை சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால் நேராகப் போகலாம். எதிர்ப்பக்கம் போனால், பார்க் நிலையத்தில் இறங்கி நடந்துபோகும் தூரத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. காஞ்சிபுரம் பக்கத்தவர்களுக்குக் காரப்பேட்டையில் அரசு அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

கிண்டியில் இறங்கிப் போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். அவருடைய தங்கை இளம் வயதில் புற்றுநோயால் இறந்தவர். வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து முதலில் அதற்கு வைத்தியம் செய்தார்கள். நோய் இன்னதென்று தெரியாமல் நாள் கடந்துபோன அந்த வேதனைதான் இப்படி ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்தது.

தோலில் வெளுத்த படை இருந்து, அதைத் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். செங்கல்பட்டு திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. சிகிச்சை இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும்.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். எங்கே போவது என்று குழப்பம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

செய்யவே கூடாதவை

எருக்கம்பால், சேங்கொட்டை, சுண்ணாம்பு, ஆசிட் எதையும் கரும்புள்ளி மேல் வைக்காதீர்கள். மேல்தோல் வெந்து உதிரும், அடியில் இருப்பது வளரும். பார்க்கும் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகும். பிளேடால் சீவுவது, மருவில் முடி கட்டி இறுக்குவது, ஊசியால் கிளறுவது எல்லாம் அப்படித்தான். கடைசியாக, களிம்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்தாதீர்கள்.

கடிதம் எழுதிய வாசகர் அம்மாவைச் சமாதானப்படுத்தி செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை. தொடையில் நெறி எதுவும் கட்டவில்லை என்று மருத்துவர் சொன்னாராம். ‘ரிப்போர்ட் எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம்னு இப்போ அம்மாவே சொல்றாங்க’ என்றார். வந்தவுடன் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று இரவு கால் கழுவி வந்து உட்காரும்போது, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாதத்தை டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

இதே விஷயமாக முன்பு வந்திருந்த சில கேள்விகளுக்கும் இங்கேயே பதில் தருகிறோம்.

பிறந்ததிலிருந்து கன்னத்தில் மச்சம் இருக்கிறது. எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். மாறாமல் இருக்கும் மச்சத்தால் ஆபத்தில்லை. பெரியவர் ஆன பிறகு புதிதாக வந்து வளரும் மச்சத்தையும், பழைய மச்சத்தில் ஏற்படும் மாற்றத்தையும்தான் காட்ட வேண்டும்.

வெண்புள்ளி புற்றுநோயாக மாறுமா?

மாறாது. வெண்புள்ளி தொற்றுநோயும் இல்லை, தொழுநோயும் இல்லை. வெளுத்த இடம் வெயிலில் எளிதில் கன்றிவிடும் என்பதால் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க வெயிலில் நிற்கிறோம். கிரீம் பூச வேண்டுமா?

நம் தோலுக்கு முதல் பாதுகாப்பு துணிதான். முழுக்கைச் சட்டை, காதையும் கழுத்தையும் மறைக்கும் தலைப்பாகை அல்லது அகல விளிம்புத் தொப்பி போதும். முடிந்தவரை 11 மணி முதல் 3 மணி வரை நிழலில் வேலை வைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களும், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டுக் கிரீம் பூசிக்கொள்வது அவசியம்.

பூச்சிக்கொல்லி கையில் பட்டு அரிக்கிறது. புற்றுநோய் வருமா?

பட்டவுடன் வரும் அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் ஒவ்வாமை. உடனே சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவுங்கள். அதற்காக அலட்சியமும் வேண்டாம். ஆர்சனிக் என்ற நச்சு உடலில் பல ஆண்டுகள் சேர்ந்தால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வந்து, தோல் புற்றுநோயாகவும் மாறுகிறது. மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரில் கலந்த ஆர்சனிக்கால் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். மருந்து அடிக்கும்போது கையுறையும் முழு உடையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கலப்பினப் பசுவின் கண்ணில் அரிசி அளவு சதை வளர்கிறது. நீர் வடிகிறது.

மாட்டுக்கும் இந்த நோய் உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை நிறம் உள்ள மாடுகளில், கண்ணின் உள் மூலையில் இருக்கும் மூன்றாம் இமையில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் வருவது அதிகம். அரிசி அளவில் இருக்கும்போது மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டால் கண்ணைக் காப்பாற்றிவிடலாம். நீண்ட கொம்புள்ள நாட்டு எருதுகளில் கொம்புப் புற்றுநோய் வரும். அடிக்கடி தலையை ஆட்டுவது, கொம்பு ஒரு பக்கம் சாய்வது, அந்தப் பக்க மூக்கில் ரத்தம் வடிவது ஆகியவை அறிகுறிகள். 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். வண்டலூர் பக்கத்தவர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் ஆலோசனை பெறலாம்.